யாமத்துக் குரல்

நாயின் இளமைக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டு. தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமையையும் 'குருளை' என்னும் சொல்லால் சுட்டுகிறது. குட்டி, பறழ் என்று வழங்குவதையும் அது விலக்கவில்லை. ஆண்டுதோறும் இந்நூற்பாவை வகுப்பில் நடத்துகிறேன். நடத்தி முடித்ததும் அடுத்த நூற்பாவுக்குச் சென்றுவிடுவது வழக்கம். 2023ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒரு குருளை எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அதனை இரவில் அமைதியாக உறங்கச் செய்வதற்கும், வீட்டை நனைக்காமல் இருக்கப் பழக்குவதற்கும் ஏறத்தாழ எட்டு வாரங்கள் என் வீட்டார் உறக்கம் கெட்டிருந்தனர். அதனை இம்மலரில் எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். தமிழ்த்துறை மலருக்கு நாய்க்குட்டியின் சிறுநீர் ஒரு பொருளா என்று கேட்போர் இருக்கக்கூடும். உயிரினங்களின் இளமைப் பெயரை எண்ணி எண்ணி வகுத்த இலக்கணத்தைப் பயில்வோர், அவ்விளமை இரவில் எப்படி அழும் என்பதைக் கேட்கவும் பொறுமை கொள்வர் என்று நம்பி எழுதுகிறேன்.

என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு மாணவி. பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைப் பாலத்தடியில், தாயை வண்டி அடித்துப் போட்டபின் தனித்துக் கிடந்த குட்டி ஒன்றைத் தன் மழைச்சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தாள். உடன்பிறந்தவற்றை யார் யாரோ கொண்டு சென்றுவிட்டனராம். செம்மண் நிறம், மார்பில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. செவலை என்று பெயரிட்டாள். பல்லைப் பார்த்த கால்நடை மருத்துவர், எட்டு வாரம் இருக்கும் என்றார். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் நாட்டு இனங்களுக்குப் பெயரும் பெருமையும் உண்டு. அவற்றுள் இராசபாளையத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் அஞ்சல்தலையே வெளியிட்டது. எங்கள் செவலைக்கு அத்தகைய குலப்பெருமை ஏதும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எல்லாக் குட்டிகளும் ஓரினமே என்பது பின்னர் விளங்கியது.

நாங்கள் இருப்பது வாடகை வீட்டின் முதல் மாடி. கீழே குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் அன்று மாலையே மேலே வந்தார். இரவில் சத்தம் கேட்கக் கூடாது, படிக்கட்டில் அசிங்கம் இருக்கக் கூடாது, ஒரு மாதம் பார்ப்பேன், சரிப்படவில்லை என்றால் குட்டியை வேறிடத்தில் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிச் சென்றார். அவர் கேட்டதில் முறையற்றது எதுவும் இல்லை. நாள்தோறும் வைகறையில் எழுந்து கடை திறக்கச் செல்பவர். உறக்கம் அவருக்குப் பிழைப்போடு சேர்ந்தது.

இதனினும் பெரிய கவலை வீட்டினுள்ளேயே இருந்தது. என் தாயாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு கழிவறைக்குச் செல்லும்போது வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்யப்பெற்று, அன்று முதல் வாக்கரைப் பற்றி நடப்பவர். எங்கள் வீட்டில் கழிவறை, கம்பி அடைத்த தாழ்வாரத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. கிழக்குக் கோடியில் மொட்டை மாடிக்குச் செல்லும் படி. தரையோ மொசைக். அதன்மேல் சிந்திய நீர் இருட்டில் கண்ணுக்குப் புலப்படாது. நாய்க்குட்டி நனைத்த இடத்தில் அவர் கால் வைத்தால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரவில் எழும்போது அவர் எவரையும் எழுப்புவதும் இல்லை. உறங்குகிறவர்களை எழுப்பித் தனக்கு ஓர் உதவி பெறுவது அவர் இயல்பிலேயே இல்லாதது. விழுந்த பிறகு, கட்டிலின் தலைமாட்டில் ஒரு கைமணியை வைத்து, எழுந்தால் அடியுங்கள் என்று சொல்லியிருந்தோம். இரண்டு ஆண்டுகளில் அம்மணி ஒருமுறையும் ஒலித்ததில்லை. இரவில் இருமுறை எழுகிறார் என்பது மட்டும், காலையில் வாக்கர் நிற்கும் இடத்தைக் கொண்டு எங்களுக்குத் தெரியும்.

ஆகவே குட்டியை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்பது விருப்பு வெறுப்புப் பற்றிய வினாவாக இல்லை. தாழ்வாரத் தரை ஓரிரவும் நனையலாகாது. கீழ்வீட்டுக்குக் குரல் கேட்கலாகாது. இவ்விரண்டும் கூடுமாயின் குட்டி இருக்கும், கூடாதாயின் போகும். என் மனைவியார் இதனைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

குட்டி வீட்டை நனைப்பது குறும்பும் அன்று, பிடிவாதமும் அன்று. பிறந்து ஏறத்தாழ மூன்று வாரம் வரையில் நாய்க்குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவே வாராது. தாய் நாவால் நக்கித் தூண்டினால்தான் கழியும். கழிந்ததையும் தாயே நக்கித் துடைத்துவிடும். பின்னர்த் தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், குட்டி தான் படுக்கும் இடத்தை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கும். படுக்கையை நனைக்கலாகாது என்பது நாம் கற்பிப்பதன்று. அதன் பிறப்பிலேயே இருப்பது. ஆனால் குட்டியின் கணக்கில் படுக்கை என்பது தன் உடல் கிடக்கும் இரண்டடி இடம் மட்டுமே. கூடமும் தாழ்வாரமும் அதற்கு வெளியூர். இந்த வீடு முழுவதும் உன் படுக்கைதான் என்பதைச் சிறிது சிறிதாக அதற்கு உணர்த்துவதே நம் வேலை.

இன்னொரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. எட்டு, ஒன்பது வார அளவில், எத்தகைய தரையில் கழிப்பது என்னும் பழக்கம் குட்டியிடம் வேர்கொண்டுவிடுகிறது. புல்லில் வளர்ந்தது புல்லை நாடும். செய்தித்தாளில் வளர்ந்தது தாளை நாடும். பாலத்தடியில் வளர்ந்த செவலை மணலைத் தேடியது. முதல் நாள் தாழ்வாரம் முழுவதும் மோந்து மோந்து அலைந்து, கடைசியில் என் மனைவியாரின் கற்றாழைத் தொட்டியில் ஏற முயன்றது. அதைக் கண்டவுடன், இரும்புக் கடையில் வாங்கிய அகன்ற தகரத்தட்டு ஒன்றில் மணலைப் பரப்பி மொட்டை மாடியின் மூலையில் வைத்தோம். இடத்தைப் பற்றிய சிக்கல் அத்துடன் தீர்ந்தது. தெருவுக்குக் கொண்டு போகலாமே என்று சிலர் கேட்டனர். 1978ஆம் ஆண்டில் உலகின் பல நாடுகளில் வெளிப்பட்டுப் பரவிய பார்வோ வைரஸ் நோய் இன்றும் இளங்குட்டிகளை வாரிக்கொண்டு போகிறது. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் அக்கிருமி பல மாதங்கள் உயிர்ப்புடன் கிடக்கும். தாயிடமிருந்து பெற்ற காப்பு குறைந்துகொண்டே வரும் பருவத்தில் தடுப்பூசியைச் சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டியிருப்பது இதனால்தான். அதுவரை, ஊர் நாய்கள் கழிக்கும் தெரு மூலையில் குட்டியை இறக்கிவிடுவது பாதுகாப்பன்று. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும் போட்டோம். வீட்டில் குழந்தைகளும் முதியோரும் இருப்போர் இதில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இனிக் கூண்டுக்கு வருகிறேன். மேலைநாடுகளில் பரவலாகக் கையாளப்படும் கூண்டுப் பயிற்சி, மேற்சொன்ன பிறப்பியல்பின்மேல் கட்டப்பட்டதே. குட்டி நிமிர்ந்து நிற்கவும், சுற்றித் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் கூண்டில் இடம் வேண்டும், அதற்குமேல் இருத்தலாகாது. இடம் மிகுந்தால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் உறங்கிவிடும். அளவாக இருந்தால், உறங்கும் இடத்தை நனைக்க மனம் இன்றி அடக்கிக்கொள்ளும். அடக்க முடியாதபோது குரல் கொடுக்கும். அக்குரல் கேட்டு நாம் எழுந்து வெளியே கொண்டு செல்ல வேண்டும். வெல்டிங் பட்டறை ஒன்றில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் கம்பிக் கூண்டு செய்வித்தேன். வளர்ந்த பின்னும் பயன்படும் அளவு அது. இப்போதைக்கு உள்ளே பிளைவுட் பலகை ஒன்றைக் குறுக்கே செருகி, முன்பாதியை மட்டும் குட்டிக்கு விட்டோம். குட்டி வளர வளரப் பலகை பின்னால் நகர்ந்தது.

கூண்டு வந்து இறங்கியதும் தாயார் முகம் வாடிவிட்டது. "பச்சப் புள்ளையக் கொண்டாந்து ஜெயில்ல போடுதியே ஐயா, இது நல்லாயிருக்கா?" என்றார்.

இதனை முதியவரின் இரக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில், வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. அச்சட்டம் சொல்வதைத்தான் தாயாரும் சொன்னார். நமக்குக் கூண்டு என்றவுடன் கிளி நினைவுக்கு வருகிறது. பறப்பதற்குப் பிறந்த ஒன்றைப் பறக்கவொட்டாமல் வைப்பது அது. நாயின் நிலை சற்று வேறு. ஈனும் காலத்தில் பெட்டை நாய் வைக்கோற்போரின் அடியையும், படிக்கட்டின் கீழையும், மண்ணைத் தோண்டிய குழியையும் தேடிப் போகிறது. வெயிற்காலத்தில் தெருநாய் நிறுத்தியிருக்கும் வண்டியின் அடியில் சென்று சுருண்டுகொள்கிறது. முதுகுக்குப் பின்னால் அடைப்பும், முகத்துக்கு முன்னால் திறப்பும் உள்ள இடம் அதற்கு ஆறுதல் தருகிறது. ஆயினும் வளையை அது தானே தேடிக்கொள்கிறது. கூண்டில் நாம் வைக்கிறோம். இந்த வேறுபாட்டை மறந்தால் தாயார் சொன்ன சிறைதான் அது. பணிக்குச் செல்வோர் காலை முதல் மாலை வரை குட்டியைக் கூண்டில் பூட்டிச் செல்வதும், தண்டனையாகக் கூண்டில் தள்ளுவதும், வெயில் படும் இடத்தில் கூண்டை வைப்பதும் கொடுமையே என்பது என் முடிபு. இரவுக்கு மட்டும், அருகில் ஆள் இருக்கும்போது மட்டும், குட்டி தானாக நுழையப் பழகிய பிறகு மட்டும் என்று எங்களுக்குள் வரையறை செய்துகொண்டோம்.

முதல் இரண்டு நாள் கதவைச் சாத்தவில்லை. உணவுக் கிண்ணத்தைக் கூண்டின் உள்ளே வைத்தோம். குட்டி தலையை மட்டும் நீட்டித் தின்றது; பின்னர் முன்னங்கால்களை வைத்தது; மறுநாள் தின்றுவிட்டு அங்கேயே உறங்கியது. தாயாரின் பழைய நூற்சேலை ஒன்றைக் கிழித்து அடியில் விரித்தோம். துணி தடித்தால் நனைந்தது தெரியாமல் குட்டி அதன்மேலேயே கிடக்கும். ஆகவே மெல்லிய ஒரே மடிப்பு. கூண்டை நடுவீட்டிலும் வைக்கவில்லை, எட்டாத மூலையிலும் வைக்கவில்லை. தாழ்வாரத்தில், கூடத்துக் கதவை ஒட்டி வைத்து, கதவுக்கு இப்பால் பாய் விரித்து நான் படுத்தேன். இம்மலரைப் படிக்கும் பெரியோர்களுள் பலருடைய இல்லங்களில் நாயை வீட்டினுள் விடுவதில்லை என்னும் முறைமை உண்டு. தோட்டத்துக்கும் தோப்புக்கும் காவலாக வளர்ப்போருக்கும் இம்முறை பொருந்தும். நாய் இருக்கும் இடமும் மனிதர் புழங்கும் இடமும் கலவாதிருக்கக் கூண்டு உதவுகிறது. முதற் சில இரவுகளில் மட்டும், மனிதரின் மூச்சு கேட்கும் தொலைவில் அது இருந்தாக வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இருவர் ஐந்து வகை இனக் குட்டிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில் உள்ள பருவத்தில் குட்டி எவரோடு பழகுகிறதோ அவரோடு வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர்கள் நிலைநாட்டிய செய்திகளுள் தலையாயது. அந்தப் பருவத்தின் நடுவில் தாயையும் உடன்பிறப்பையும் இழந்து, அறியாத வீட்டில் முதல் இரவைக் கழிக்கும் குட்டி அழாமல் என்ன செய்யும்? அழட்டும், ஓய்ந்துவிடும் என்று கதவைச் சாத்திவிட்டு உறங்கச் சொல்வோர் உண்டு. ஓய்வது உண்மைதான். அழுதும் பயனில்லை என்று கண்டு ஓய்ந்த குட்டி, அடக்க முடியாதபோதும் குரல் கொடாது. விடியற்காலையில் நனைந்த கூண்டையும் நனைந்த குட்டியையும் நாம் காண்போம்.

பொழுது வகுத்ததில் எனக்குப் பழந்தமிழ் கைகொடுத்தது. மாலை, யாமம், வைகறை என இரவு மூன்று சிறுபொழுதாகப் பிரியும். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. நாழிகை இருபத்து நான்கு நிமிடமாதலால், பொழுது ஒன்றுக்கு நான்கு மணி நேரம். மாலை ஆறிலிருந்து பத்து, யாமம் பத்திலிருந்து இரண்டு, வைகறை இரண்டிலிருந்து ஆறு. நாய்க்குட்டி அடக்கும் நேரத்துக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. மாதக் கணக்கில் வயதை எடுத்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை வருமோ அத்தனை மணி நேரம்; இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று. இஃது ஏறத்தாழச் சொல்வதே. ஓடி ஆடும் குட்டி பகலில் அரைமணிகூடத் தாங்காது. உறங்கும் குட்டி வாய்ப்பாட்டை மீறியும் தாங்கும். முதற் பத்து நாள் இரவு பத்து, ஒன்று, நான்கு, ஆறு என எழுந்தோம். மூன்று மாதத்தை நெருங்கியதும் பத்து, இரண்டு, ஆறு என்றாயிற்று. பொழுது மாறும் கணத்தில் எல்லாம் மொட்டை மாடியில் நின்றேன் என்று சொன்னால் மிகையாகாது. இரவு உணவை ஏழரை மணிக்குள் முடித்தோம். ஒன்பதுக்குமேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டோம். மழைக்காலம் ஆதலால் இது கூடிற்று. சித்திரை வெயிலில் நெல்லைச் சீமையில் எவரும் இதைச் செய்ய வேண்டா; நனைந்த தரையைத் துடைத்துக்கொள்ளலாம், நாவறண்ட குட்டிக்கு விடை சொல்ல முடியாது.

வெளியே கொண்டு செல்வதிலும் ஓர் ஒழுங்கு தேவை. விளக்கைப் போடலாகாது, பேசலாகாது, விளையாட்டுக் கூடவே கூடாது. கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கோத்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் (நடத்திச் சென்றால் வழியிலேயே கழித்துவிடும்) மணற்தட்டில் இறக்கிவிட்டு, மரம்போல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் கழித்துவிட்டால் மெல்லத் தட்டிக்கொடுத்து மீண்டும் கூண்டில் விடலாம். கழிக்காவிட்டாலும் கூண்டுதான். நடு இரவில் எழுந்தால் நிலா பார்க்கலாம், ஆளோடு விளையாடலாம் என்று ஒருமுறை கண்டுகொண்டால் குட்டி நாள்தோறும் எழும். மகள் இரண்டாம் நாளிலேயே இந்த ஒழுங்கை மீறி அதனோடு கொஞ்சியதால், இரவுப் பணியிலிருந்து விலக்கப்பட்டாள். பகற்பணி முழுவதும் அவளுடையது. அதில் குறைகூற இடமில்லை.

அடுத்த தெரு நண்பர் ஒருவர், நனைத்த இடத்தில் குட்டியின் மூக்கைத் தேய்த்து ஓர் அடி கொடுத்தால் இரண்டே நாளில் சரியாகும் என்றார். ஊரில் பலரும் இதைச் செய்கின்றனர். பத்து நிமிடத்துக்கு முன் கழித்ததையும் இப்போது விழும் அடியையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கக் குட்டிக்கு அறிவு போதாது. அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர் பார்க்கும்போது கழிக்கலாகாது. அதன்பின் மணற்தட்டில் நாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் கழிக்காது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். எங்கள் தாழ்வாரத்தில் அந்நிலை வரவொட்டாமல் காப்பது இன்றியமையாததாக இருந்தது.

இவை எல்லாம் ஒருவாறு ஏட்டிலிருந்தும் மருத்துவரிடமிருந்தும் பெறக்கூடியவை. ஏட்டில் பெற முடியாதது குரலின் வேறுபாடு. குட்டி அழுகிறது; அடக்க முடியாமல் அழுகிறதா, தனிமையில் அழுகிறதா? முதலாவதற்கு எழாவிட்டால் கூண்டு நனையும். இரண்டாவதற்கு எழுந்து தூக்கினால், அழுதால் தூக்குவார் என்று கற்றுக்கொள்ளும். கீழ்வீட்டில் உறங்குபவருக்கோ இரண்டும் ஒன்றே. மூன்றாம் இரவு பதினொன்றரை மணிக்குக் குட்டி கதறத் தொடங்கியது. நான் கயிற்றை எடுத்தேன். உள்ளறையிலிருந்து தாயாரின் குரல் வந்தது. "அதுக்கு ஒண்ணுமில்லய்யா. ஆளத் தேடுது. கைய வச்சிட்டுப் பேசாம கெட." கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டிக் கூண்டுக் கம்பியின்மேல் வைத்தேன். குட்டி விரலை மோந்தது, இரண்டு பெருமூச்சு விட்டது, உறங்கிவிட்டது.

ஐந்து பிள்ளைகளைத் தொட்டிலிட்டு வளர்த்தவர் அவர். கூண்டைச் சிறை என்று சொன்னவரே அதன் மொழிக்கு உரையாசிரியர் ஆனார். தனிமை அழுகை அடைத்த உடனே வரும். நீண்டு ஏறி இறங்கும். இடையில் நின்று நாம் வருகிறோமா என்று செவி கொடுக்கும். முட்டும் அழுகை நல்ல உறக்கத்துக்குப் பின் வரும். குட்டையாக, முனகலாக இருக்கும். அதற்கு முன்பே துணி சரசரக்கும், நகம் தகரத்தில் கீறும், குட்டி சுற்றிச் சுற்றி வரும். இவ்வேறுபாட்டை அவர் சொல்லித்தான் நான் கேட்கப் பழகினேன். முதுமையில் உறக்கம் குறைந்தவர். இரவெல்லாம் செவி விழித்திருக்கும். நானோ பகல் முழுதும் வகுப்பெடுத்துவிட்டு வந்து பாயில் விழுந்தால் இடி இடித்தாலும் கேளாதவன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஒரு மணி இருக்கும், கைமணி ஒலித்தது. இரண்டு ஆண்டுகளாக ஒலிக்காத மணி. பதறி எழுந்து ஓடினேன். தாயார் கட்டிலில் படுத்தபடியே, "குட்டி சுத்துது, பாரு" என்றார்.

அன்று முதல் அந்த மணி இரவுதோறும் ஒலித்தது. மணியோசை கேட்டு எழுவேன்; செவலையை மாடிக்குக் கொண்டு சென்று மீள்வேன்; மீள்கையில் தாயார் கட்டில் விளிம்பில் அமர்ந்திருப்பார். எழுந்ததுதான் எழுந்தேன் என்பதுபோல் நான் விளக்கைப் பிடிக்க, அவர் தாழ்வாரத்தைக் கடந்து கழிவறைக்குச் சென்று வருவார். இதனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முதலில் குட்டி, பின்னர் அவர் என்னும் வரிசை மாறியதில்லை.

டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையைத் தென்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. நாங்கள் மாடியில் இருந்தமையால் வெள்ளத்துக்குத் தப்பினோம். மின்சாரம் இல்லை. மொட்டை மாடியில் மணற்தட்டு நீரில் மிதந்தது. இருந்த மணலை அள்ளி, மாடிப்படி திரும்பும் இடத்தில் கூரைக்கு அடியில் வைத்தோம். மழை இரைச்சலில் குட்டியின் முனகல் எனக்குச் சிறிதும் கேட்கவில்லை. தாயாருக்கும் கேட்டிருக்க வழியில்லை. ஆயினும் இரண்டு இரவும் இரண்டு மணி அளவில் கைமணி ஒலித்தது. இரண்டு இரவும் குட்டி எழுந்து நின்றுகொண்டிருந்தது. எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு முட்டிச்சு. அதுக்கும் முட்டும்லா?" என்றார். வாய்ப்பாடும் சிறுபொழுதும் கொண்டு நான் அரும்பாடுபட்டுக் கணக்கிட்டதை அவர் தம் உடலைக்கொண்டே கணக்கிட்டிருந்தார்.

உரிமையாளர் விதித்த ஒரு மாதம் முடிந்தது. அவர் மேலே வரவில்லை. பொங்கலுக்கு முந்திய நாள் படியில் எதிர்ப்பட்டபோது, "குட்டியை எங்கே கொடுத்தீர்கள்? நல்ல இடம்தானே?" என்று கேட்டார். சத்தமே இல்லாததால் போய்விட்டது என்று எண்ணியிருக்கிறார். உடனே செவலை மேலேயிருந்து ஒருமுறை குரைத்துத் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டது. அவர் சிரித்துவிட்டுப் போனார்.

இரவுப் பொழுதைக் கால்மணி கால்மணியாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். இரண்டு மணி இரண்டேகால் ஆயிற்று, மூன்றாயிற்று. இடையில் ஒரு வாரம் அடிக்கடி சொட்டுச் சொட்டாகக் கழித்தது. சிறுநீர்ப்பையில் தொற்று என்று மருத்துவர் மருந்து கொடுத்தார். இத்தகைய நேரத்தில் பயிற்சி தோற்றது என்று எண்ணுதல் கூடாது; நோய்க்குத் தேவை மருந்து. தை பிறந்து இரண்டு வாரம் கழித்து, பதினேழு வாரம் ஆனபோது, செவலை இரவு பத்தரைக்கு உறங்கி விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தது. மறுநாளும் அவ்வாறே. பிளைவுட் பலகையைக் கழற்றிக் கூண்டு முழுவதையும் அதற்கு விட்டோம். சில நாளில் கதவையும் சாத்தாமல் விட்டோம். பாயைச் சுருட்டிக்கொண்டு நான் அறைக்குள் சென்று கட்டிலில் படுத்தேன்.

மூன்று இரவுகள் மணி ஒலிக்கவில்லை. காலையில் வாக்கர் இடம் மாறியிருந்தது. நான்காம் இரவு இரண்டு மணிக்கு ஒலித்தது. எழுந்து தாழ்வாரத்துக்குச் சென்று பார்த்தேன். திறந்த கூண்டுக்குள் செவலை மல்லாந்து கால்களைப் பரப்பி உறங்கிக்கொண்டிருந்தது. உள்ளறைக்குச் சென்றேன். தாயார் கால்களைக் கீழே தொங்கவிட்டு, வாக்கரின்மேல் ஒரு கையை வைத்தபடி கட்டிலில் அமர்ந்திருந்தார்.

"அது உறங்குது. எனக்குத்தான்" என்றார்.